கனெக்‌ஷன் ஆயிரம், சாட்சிக்கு ஆளில்லை

முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால் ஆட்களை நல்லவர்களாகவும் வல்லவர்களாகவும் காட்டி வைப்பதுதான் என் தொழில். அதனாலேயே எனக்கு யார் மேலும் சுலபத்தில் நம்பிக்கை வருவதில்லை.

மலையகத்தில், ஹட்டன் பிரதான வீதியில் பாரூக் நானாவின் புத்தகக் கடை இருக்கிறது. அதன் உள்மூலையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், பிறகு நான். முன்பெல்லாம் விண்ணப்பம் டைப் பண்ணத்தான் வருவார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, “அந்த உத்தியோகத் தளத்துல எனக்கும் ஒரு பக்கம் தெறந்து குடுங்க மிஸ்” என்பதுதான். அந்தத் தளமும் முகநூல் மாதிரிதான். ஆனால் அங்கே பிறந்தநாள் கேக்கும் தேர்த் திருவிழாவும் போடமாட்டார்கள். படிப்பு, வேலை, அனுபவம், திறமை என்று எல்லோரும் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நிற்பார்கள். ஒருவரை ஒருவர் சேர்த்துக்கொள்வதற்குப் பெயர் கனெக்‌ஷன்.

‘உங்கள் தொடர்பு வட்டத்தில் சேர விரும்புகிறேன்’ என்று யாரோ ஒருவரிடமிருந்து அழைப்பு வரும். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். தெரிந்த முகமாகவும் இருக்காது, தெரியாத முகமாகவும் இருக்காது. மறுத்தால் என்ன நினைப்பாரோ என்று சேர்த்துவிட்டு, சேர்த்த மறுநிமிடம் காப்புறுதி எடுக்கச் சொல்லி அவர் அனுப்பும் செய்தியை வாசித்து நொந்துகொள்வீர்கள். நீங்களும் அந்த ரகம் என்றால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், நானும் வருகிறேன்.

நானாவின் கோட்டு

பக்கம் திறக்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது கோட்டுப் போட்ட படம். ஹட்டனில் வேலை தேடுகிறவர் எத்தனை பேரிடம் கோட்டு இருக்கும்? கடையின் பின்கதவில் பாரூக் நானாவின் கல்யாணக் கோட்டு தொங்குகிறது. அதை எடுத்து மாட்டிவிடுவேன். நானா ஆள் பெரிசு. ஒல்லியான ஆளாக வந்தால் முதுகுப் பக்கம் துணி காயப்போடும் கிளிப் நாலைந்தைப் போட்டு இழுத்துப் பிடித்தால் முன்பக்கம் பார்க்க அம்சமாக இருக்கும். படத்தில் முதுகு தெரியாது அல்லவா?

ஒருநாள் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் மெனேஜர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போன் பண்ணினார். வழக்கம்போல எந்த ஹோட்டல், எந்த வீதி, என் நம்பரை யார் கொடுத்தது என்று குறுக்கு விசாரணை நடத்தினேன். பாவம், எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கித் தன் கேள்வியைக் கேட்டார்: “ஒங்ககிட்டேர்ந்து வந்த ஆளுங்க படத்தையெல்லாம் வரிசையா வச்சுப் பாத்தேங்க மிஸ், இவங்க எல்லாம் ஒரே குடும்பமா, இல்ல கோட்டு மட்டும்தான் ஒண்ணா?”

வீட்டுக்கு வீடு

தர்ஷினி கோட்டு வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து, பஸ்ஸில் வளைந்து வளைந்து வந்ததில் முகம் வெளிறிப்போய் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கூட அவள் அம்மா சரோஜா. உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்திருந்தாள். ஏதாவதொரு பரிசோதனைக் கூடத்தில் வேலை வேண்டும். அவசரம் வேறு. சரோஜாவுக்கு வீட்டு வேலைக்கு வெளிநாடு போக எல்லாம் தயார். மெடிக்கல் முடிந்துவிட்டது, டிக்கட் வந்ததும் ஏஜென்ட் போன் பண்ணுவான். அப்பா இல்லாத வீடு. மகளுக்கு வேலை கிடைத்தால் அம்மா போகத் தேவையில்லை. இதை தர்ஷினி என்னிடம் சொன்னபோது சரோஜா கண்ணாடிக் கதவு வழியாக வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘எனக்குப் போகப் பிரியமில்லை’ என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது.

பக்கத்தைத் திறந்தேன். படித்த துறையில் இருக்கும் ஆட்களாகப் பார்த்து நிதானமாகச் சேர் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது பார்த்தால், போன் வைத்திருக்கும் தோட்டத்து ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கனெக்‌ஷனாகியிருந்தார்கள். அந்தத் தளத்தில் பக்கமே இல்லாதவர்களுக்குப் பக்கம் திறந்துகொடுத்து அழைப்பு அனுப்பியிருக்கிறாள்! “இது கல்யாணப் பத்திரிகையா, வீட்டுக்கு வீடு வைக்க?” என்று கேட்டேன். பதில் சரோஜாவிடமிருந்து வந்தது: “மேல் லயத்து வீடுகளுக்குச் சொல்லிட்டுக் கீழ் லயத்துக்குச் சொல்லலன்னா, நாளைக்கு நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு யாருங்க மிஸ் வந்து நிப்பாங்க?”

நுண்ணுயிர் நிபுணர் ராஜு

அந்தத் தளத்தில் இன்னொரு வசதி உண்டு. ‘இவருக்கு இந்தத் திறமை இருக்கிறது’ என்று கனெக்‌ஷனில் இருப்பவர்கள் ஓர் அமுக்கு அமுக்கிச் சான்று தரலாம். தர்ஷினியின் பக்கத்தில் ‘நுண்ணுயிர் ஆய்வு’க்குச் சான்று குவிந்து கிடந்தது. யார் யாரென்று பார்த்தேன். பஜாரில் சலூன் வைத்திருப்பவர், கோயில் பூசாரி, கோழிக்கடைக்காரர். எல்லோருக்கும் முதல் ஆளாக நல்லதண்ணி ஊர்க்காரன் ராஜு. சீசனுக்கு மலை ஏற வருகிறவர்களை வேனில் கூட்டிப்போகிறவன். நுண்ணுயிரை அவன் எங்கே கண்டான்?

அவன் ஒருநாள் வேனுக்கு விளம்பரம் அடிக்கக் கடைக்கு வந்தான். விடுவேனா? “ராஜு, தர்ஷினி என்ன ஆய்வு பண்றான்னு ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். கொஞ்சமும் வெட்கப்படாமல் சிரித்தான். “எனக்கு எப்புடிங்க மிஸ் தெரியும்? நான் நல்லா வேன் ஓட்டுவேன்னு அந்தப் புள்ள மொதல்ல போட்டுச்சு, திருப்பிச் செய்யாம சும்மா இருந்தா மொறையா இருக்குமா?”

கூட்டம் சேர்க்கும் வித்தை

இந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து ஹட்டனில் மண்டபம் எடுத்து வகுப்பு நடத்தினார். தொழில் அவருக்கு என்னவென்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. பிறருக்கு வேலை தேடக் கற்றுக்கொடுப்பதுதான் அவருடைய வேலையாம். “ஒங்க நெட்வொர்க்தான் ஒங்க சொத்து. தினமும் காலைல எழும்பினதும் கண்ணுல பட்டவங்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்புங்க” என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் நடந்தார். தர்ஷினி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். வகுப்பு முடிந்ததும் தன் பக்கத்தையும் அவரிடம் காட்டினாள்.

அதில் அவளே எழுதிய பதிவு ஒன்று இருந்தது. படிக்கும் காலத்தில் தன் தோட்டத்து டிவிசனில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றால் போனதைப் பார்த்து, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் மாதிரி எடுத்துப் பரிசோதித்த கதை. எப்படி எடுத்தாள், என்ன வந்தது என்று ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதியிருந்தாள். அதற்கு விருப்பம் போட்டவர் யாருமில்லை. அவர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்து, “இதத் தூக்குங்க, யாரும் வாசிக்க மாட்டாங்க, சூரியன் உதிக்கிற படம் போட்டு நாலு வரி நம்பிக்கையா எழுதுங்க” என்றாராம். நல்ல வேளை, அவளுக்கு அதைத் தூக்க மனம் வரவில்லை. மற்றதையெல்லாம் செய்தாள். சூரியன் தினமும் உதித்தது. அழைப்புகள் பறந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கனெக்‌ஷன் ஆயிரங்களில் போய் நின்றது. ‘வாழ்த்துகள்’, ‘சூப்பர் சிஸ்டர்’ என்று கை தட்டினார்களே தவிர, வேலை இருக்கிறது வா என்று ஒரு குருவி கூடக் கூப்பிடவில்லை.

பெருமையாக பாரூக் நானாவிடம் போனை நீட்டிக் காட்டினாள். நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “இத்தன பேர் நம்ம கடைக்கு வந்து எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் வாங்காமப் போனா, நான் கடய மூடிட்டு ஊட்டுக்குப் போயிருவன் தங்கச்சி.”

பொகவந்தலாவை ஸ்டேஷன்

கும்பலில் கை தட்டுகிறவர்கள் மட்டுமா இருப்பார்கள்? ஒருநாள் தர்ஷினி மூச்சு வாங்க ஓடிவந்தாள். கனடாவில் பெரிய உணவுக் கம்பனியில் ஆள் எடுக்கும் அதிகாரியாம். டை கட்டிய படம், பின்னால் கண்ணாடிக் கட்டடம், கனெக்‌ஷன் கணக்கு வழக்கில்லை. எனக்குத் தெரிந்தவர்களிலேயே பத்துப் பதினைந்து பேர் அவருடைய வட்டத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது என்பது வேறு விஷயம். உடனே பாஸ்போர்ட் படம் வேண்டும், அடையாள அட்டை வேண்டும், அம்மாவுடையதும் வேண்டும் என்று கேட்டிருந்தார். “அம்மாவோடது எதுக்கு?” என்றேன். “அம்மாவையும் பின்னால கூப்பிட்டுக்கலாமாம் அக்கா. அவரும் பொகவந்தலாவைதானாம், நம்ம ஊர்ப் புள்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்னு சொல்றாரு” என்றாள். அவள் கண்ணில் அப்படியொரு வெளிச்சம். அதைக் கெடுக்க எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் கெடுத்தேன்.

மலையகத்தில் இரண்டு பேர் சந்தித்தால் பெயர் கேட்பதற்கு முன்னால் கேட்பது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்றுதானே. அதையே கேட்டு எழுதச் சொன்னேன். பிறகு, ‘தோட்டம் இல்லை, டவுன். பொகவந்தலாவை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீடு’ என்று வந்தது. தர்ஷினியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பொகவந்தலாவைக்கு ரயிலே கிடையாது. ஹட்டனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், அந்த பஸ்ஸில் வந்து வந்துதான் இந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறுகிறது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ‘அண்ணா, அந்த ஸ்டேஷனுக்கு ரயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும்?’ என்று தட்டினாள்.

அதோடு ஆள் காணாமல் போய்விட்டார். போவதற்கு முன்னால் ஒரு ஆசீர்வாதம் மட்டும் அனுப்பினார்: “எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுறவங்க லைஃப்ல முன்னேறவே மாட்டாங்க சிஸ்டர்.”

படமில்லாத அம்மணி

கனடாக்காரரிடம் தப்பிய சூட்டோடு இன்னொரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் தில்ருக்ஷி. கொழும்புக்கு வெளியே ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பொறுப்பாளர் என்று ஒரே ஒரு வரி. படம் இல்லை. கனெக்‌ஷன் கையளவு. வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை. எடுத்த எடுப்பில், ‘பீலித் தண்ணீர் பற்றிய உங்கள் பதிவைப் பார்த்தேன். மாதிரி எடுத்த போத்தலை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்?’ என்று கேட்டிருந்தார். நான் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: போலி. முகத்தைக் காட்டாத மனுஷிக்குப் போத்தல் கழுவிய விவரம் எதற்கு? தர்ஷினி கேட்கவில்லை. “இது வரைக்கும் யாருமே என்னைய வேலையப் பத்திக் கேக்கல அக்கா” என்று சொல்லிவிட்டுப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாள். திரும்பி இன்னொரு கேள்வி வந்தது. மழை பெய்த மறுநாளும் எடுத்தீர்களா? அதற்கும் எழுதினாள்.

பிறகு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நானே முதலில் பேசினேன். அவர் பேசியது சிங்களம். அதைத் தமிழில் சொல்கிறேன். எந்தக் கம்பனி, எங்கே இருக்கிறது, ஏன் படம் போடவில்லை என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். “இன்னும் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் நான் கேட்கலாமா?” என்றார். கேட்டார். அவருக்கும் சந்தேகம்! கூடத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, இவள் எழுதியது பிடித்துப்போய் அவளுடைய பக்கத்தை ஆராய்ந்திருக்கிறார். வேன் டிரைவரும் கோழிக்கடைக்காரரும் பூசாரியும் நுண்ணுயிர் ஆய்வுக்குச் சான்று கொடுத்ததைப் பார்த்ததும் இந்தப் பெண்ணே போலியோ என்று தோன்றிவிட்டதாம். தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தில்ருக்ஷி குரலை உயர்த்தாமல் சொன்னார்: “இந்த ஆயிரக்கணக்கான ஆட்கள் எனக்கு வேண்டாம், நீங்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த மூன்று பேரைச் சொல்லுங்கள், அவர்களிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லி வைக்காதீர்கள்.”

தெரியாது

மூன்று பேர். இவ்வளவுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். தர்ஷினி கனெக்‌ஷன்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முகம், முகம், முகம். அவள் வேலை செய்ததைப் பார்த்தவர் அதில் ஒருவரும் இல்லை. கடைசியில் அந்தத் தளத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காத மூன்று பேரைக் கண்டுபிடித்தோம். அவளுக்குப் படிப்பித்த விரிவுரையாளர். றொசல்லப் பக்கம் அவள் பயிற்சிக்குப் போன தேயிலை பெக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் அதிகாரி, டீமேக்கர் சிவலிங்கம். பிறகு, பீலித் தண்ணீர்ப் பரிசோதனையின்போது கூடவே நின்ற மிட்வைஃப். பெயர்களையும் நம்பர்களையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அதே வாரம் ஏஜென்ட் சரோஜாவுக்கு போன் பண்ணி, டிக்கட் வந்துவிட்டது, பெட்டியைக் கட்டு என்று சொல்லியிருந்தான்.

மறுநாள் தில்ருக்ஷி கூப்பிட்டார். விரிவுரையாளர் போனை எடுக்கவேயில்லை. மிட்வைஃப், போனில் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை என்று வைத்துவிட்டார். டீமேக்கர் அதற்கும் மேலே போய்விட்டார். அப்படி ஒரு பெண்ணை என் வாழ்நாளிலேயே கண்டதில்லை என்று சத்தியம் செய்யாத குறை. “உங்களைத் தெரியாத ஆயிரம் பேர் உங்களுக்காகப் பேசுகிறார்கள், தெரிந்த மூன்று பேர் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள், நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்தார். தர்ஷினி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே டீமேக்கருக்கு அடித்தேன்.

அவர் தன் பங்குக்கு என்னிடமே நாலு கேள்வி கேட்டு, நான் யாரென்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் குரலை இறக்கினார். தோட்டத்தில் வெளியாள் போன் பண்ணி ஒருவரைத் தெரியுமா என்று கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று மலையகத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்கிறவன் எதற்காகக் கேட்கிறான் என்று தெரியாதவரை, நமக்கு யாரையும் தெரியாது. சிவலிங்கம் செய்ததும் அதைத்தான்: “சிங்களத்துல ஒரு பொம்பள கேட்டா, பொலிஸா, ஏஜென்டா, லீசிங் கடன் கேக்குற ஆளா, யாருன்னு நான் கண்டேன்? நம்ம புள்ளயக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா மிஸ்?”

மிட்வைஃப் மிஸ்

சிவலிங்கத்தை மறுபடி தில்ருக்ஷியோடு பேச வைக்கலாம் என்றால், நாங்கள் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார் என்றல்லவா ஆகும்? அதனால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். தர்ஷினி ஊருக்குப் போய் அம்மாவின் பெட்டிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் எங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. மிட்வைஃப் போனை வைத்தாரே தவிர, வைப்பதற்கு முன்னால் கூப்பிட்டவரின் முழுப்பெயரையும் கூடத்தின் பெயரையும் கேட்டு வாங்கியிருக்கிறார். பிறகு சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அந்த இடத்தின் பொது நம்பரைத் தேடிப் பிடித்து, அங்கே போன் எடுத்தவரிடம், இப்படியொரு அம்மா உங்களிடம் இருக்கிறாரா, எத்தனை காலமாக இருக்கிறார், எப்படிப்பட்டவர் என்று துருவியிருக்கிறார். எல்லாம் சரி என்று பட்ட பிறகுதான் தில்ருக்ஷியைக் கூப்பிடச் சொல்லிப் பேசியிருக்கிறார்.

மிட்வைஃப் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. பீலித் தண்ணீர் குடிக்க உதவாது என்று தெரிந்ததும் தோட்டத்தில் சலசலப்பு. விஷயம் பெரிய இடத்துக்குப் போனால் வீண் பிரச்சினை, முடிவைக் கொஞ்சம் மாற்றி எழுது என்று தர்ஷினியின் சொந்த மாமாவே வந்து கேட்டிருக்கிறார். அவர் அங்கே தொழிற்சங்கத் தலைவர் வேறு. அவள் மாற்றவில்லை. மழையில் மறுபடி மலையேறிப்போய் ஊற்றடியில் இன்னொரு மாதிரி எடுத்துவந்து, அதையும் பரிசோதித்து, அதே முடிவை எழுதிக்கொடுத்தாள். மாமா வீட்டோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. இதையெல்லாம் எங்கள் தளத்தில் எந்த இடத்தில் எழுதுவது, அதற்கு யார் அமுக்கிச் சான்று தருவது? இத்தனை நாள் அவளுக்குப் பக்கம் நடத்திய எனக்கே தெரியாது. அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தில்ருக்ஷி திரும்பக் கூப்பிட்டபோது குரலில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது: “உங்கள் ஊரில் ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்கே இவ்வளவு பாடு என்றால், நீங்கள் எழுதும் ரிப்போர்ட்டை நான் நம்பலாம், திங்கட்கிழமை நேரில் வாருங்கள்.”

தாழ்ப்பாள்

வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்று சொன்னால் எந்த அம்மாவும் சந்தோஷப்படுவார். சரோஜா, “அந்த எடத்த நான் பாக்கணும்” என்றார். மொழிக்கும் துணைக்கும் நானும் போனேன். தர்ஷினியை உள்ளே நேர்முகத்துக்குக் கூப்பிட்டதும், சரோஜா என்னை இழுத்துக்கொண்டு அங்கே வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதிக்குப் போனார். நல்ல சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். கட்டிலை அமுக்கினார். குழாயைத் திறந்து தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்தார். குளியலறைக் கதவுகளை உள்ளே போய்ச் சாத்தித் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். சமையல் செய்யும் அம்மாவிடம், தில்ருக்ஷி கோபக்காரியா என்று கேட்கச் சொன்னார். “வேலையில் பிழை விட்டால் கோபம் வரும், மற்றபடி இல்லை” என்றார் அந்த அம்மா. நான் மொழிபெயர்த்ததும் சரோஜா தலையாட்டினார். நான் சந்தேகக்காரி என்று பெயர் எடுத்தவள். ஆனால் சரோஜா முன்னால் நான் வெறும் கத்துக்குட்டி என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தர்ஷினி வெளியே வந்து, “அடுத்த மாசத்திலேர்ந்து வரச் சொல்லிட்டாங்கம்மா” என்றாள். சரோஜா மகளின் முகத்தை ஒருமுறை தடவினார், அவ்வளவுதான். திரும்பி வரும் ரயிலில் நாவலப்பிட்டி தாண்டி வண்டி மலையேறத் தொடங்கிய நேரம் அவருடைய போன் அடித்தது. ஏஜென்ட். தர்ஷினி கையை நீட்டினாள், தான் பேசுவதற்கு. சரோஜா கொடுக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் பேசினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். “ஆமாங்க, சரோஜாதான். நான் வரலீங்க, வேற ஆளப் பாத்துக்கங்க. எம்மகளுக்கு வேல கெடச்சிருச்சு, நானே போயி ஒவ்வொரு கதவுக்கும் தாழ்ப்பா இழுத்துப் பாத்துட்டுத்தான் வாரேன்!”

இப்போதும் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பக்கம் திறந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் என்னைக் கேட்டால், அழைத்த உடனே ‘சரி’ என்று சேர்ந்துகொள்கிறவர்களை வாழ்த்துச் சொல்ல வைத்துக்கொண்டு, ‘நீ யார்?’ என்று கேட்டு போனை வைத்துவிடுகிறவரிடம்தான் மறுபடி ஒருமுறை பேசிப் பார்க்கச் சொல்வேன்.